ஒரு கப் புதினா எத்தனை கிராம்?

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை, இட்லிக்குக் காத்திருந்தபோது கிடைத்தது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சின்னக் கடை. உள்ளே ஓர் அம்மாள் கப்பில் புதினா அளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் தராசு. இலைக்கு மேல் அவர் உள்ளங்கை அப்படியே நின்றது. அதற்குள் யாரோ குறுக்கே வந்து மறைத்துவிட்டார்கள். நான் பார்த்தது அவ்வளவுதான். மீதி என் கைச்சரக்கு.

2
முதல் தொடக்கம்: மலைமேல் மேகம் இறங்கிய அந்தக் காலையில்...

வேண்டாம். இந்த ஊரில் பேனாவை எடுத்தால் போதும், மலை முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இரண்டாவது: திரௌபதி ஒரு பெட்டியோடு தம்பி வீட்டு வாசலில்... [இழுக்கிறது.]

நேராகவே சொல்கிறேன். கணவனைப் பிரிந்த திரௌபதி, தம்பி வீட்டில் இருக்கிறாள். தம்பி மனைவி நந்தினி நடத்தும் கடையில் புதினாச் சட்டினி அரைப்பது இவள்தான். அந்தச் சட்டினிக்காகவே ஆள் வருகிறது. அது தன் கையில் இருக்கும்வரை தான் யாருக்கும் பாரமில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

3
நந்தினி தராசு வாங்கி வந்தாள்.

"அண்ணி, ஒரு கப் புதினா எத்தன கிராம்னு தெரிஞ்சிட்டா யார் வேணா அரைக்கலாம். நெட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க எப்பவும் போடற மாதிரி அளங்க."

யார் வேணா. திரௌபதிக்குச் சுருக்கென்றது.

(அடிக்குறிப்பாக வரவேண்டியது: திரௌபதி பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம், வேர்க்கடலை விளைவிக்கும் வீடு. அங்கே படியைக் குலுக்கி, அமுக்கி, கோபுரம் வைத்துத்தான் அளப்பார்கள். தலைதட்டி அளந்தால் வீட்டுக்கு ஆகாது என்று பேச்சு. புதினாவையும் அவள் அப்படித்தான் அளப்பாள்.)

அன்று மட்டும் இலையை உதிர்த்துப் போட்டு, விளிம்போடு வழித்துவிட்டாள். தராசு முப்பது காட்டியது. எப்போதும் போடுவதில் பாதிகூட இல்லை.

"நெட்லயும் ஒருத்தர் இதான் போட்டிருக்காரு!" நந்தினிக்குச் சந்தோஷம்.

[திரௌபதி இப்படிச் செய்வாளா? இந்தப் பத்தியை அடித்தேன், மறுபடி எழுதினேன். அளவில் குறைக்கக் கூடாது என்று வளர்ந்தவள். ஆனால் போக்கிடம் இல்லாதவளின் பயம் எதைத்தான் செய்யவைக்காது?]

4
மறுநாள் நந்தினியே அரைத்தாள்.

"சப்புனு இருக்குது அண்ணி. புதினா ரொம்பக் கம்மியா தெரியுது."

"அதுக்கெல்லாம் கை வரணும்."

இங்கேயே முடித்திருப்பேன். நந்தினி விடவில்லை.

"வேங்கிக்கால்ல, கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல ஒரு எடம் பாத்திருக்கோம். அந்தக் கடைய நீங்கதான் நடத்தணும். பேசி முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தோம். இங்க எனக்கு அளவு தெரியலன்னா உங்கள எப்படி அனுப்பறது?"

நந்தினி இதை மனதில் வைத்திருப்பாள் என்று திரௌபதி நினைக்கவில்லை. நானும்தான்.

5
முடிவு அ: உண்மையைச் சொல்லி அழுகிறாள். நந்தினி கட்டிக்கொள்கிறாள். (எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

முடிவு ஆ: "நேத்து எல வாடிப்போயிருந்துச்சு" என்று பழியைப் புதினாமேல் போடுகிறாள். புதினா எதிர்த்துப் பேசாது. ஆனால் அந்தப் பொய்யோடு அவள் புதுக்கடையில் எப்படி நிம்மதியாக நிற்பாள்?

முடிவு இ:

"எங்கியோ இடிக்குது. இன்னொரு தடவ அளங்க அண்ணி" என்று நந்தினி கப்பை நகர்த்துகிறாள். இலை நிறைந்துவிட்டது. அமுக்கினால் நேற்றைய பொய்யைத் தராசே சொல்லிவிடும். அமுக்காவிட்டால் வேங்கிக்கால் கடை இல்லை. திரௌபதியின் உள்ளங்கை இலைக்கு மேல் நிற்கிறது. அன்று நான் பார்த்தது இந்தக் கையைத்தான்.

அவள் அமுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. எழுதிவிட்டால் அது என் கை அமுக்கியதாகிவிடும். அதனால் கப்பை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். இலை வாடுவதற்குள் சொல்லுங்கள்.