அரை மணிக் கோணல்

என் மகள் சுஜீதா ஒரு கோணல் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்திருந்தாள். அதை றக்வான டவுன் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான்தான். தேயிலை ஃபெக்டரியில் சங்கு ஊதுகிற செல்லையாவுக்குப் பெருமைப்பட வேறென்ன இருக்கிறது, சொல்லுங்கள்? ஸஹாப்தீன் நானா தன் தேத்தண்ணிக் கடையில் ஒரு வாரமாக எனக்குப் பால் போடாத பிளேன்டி சும்மா தந்துகொண்டிருந்தார்.

விஷயம் என்னவென்றால், நட்சத்திரமும் தன்னைத் தானே சுற்றுகிறது. அவள் ஒரு தோடம்பழத்தைச் சுழற்றிக் காட்டினாள். ஒரு பக்கம் நம்மை நோக்கி வருகிறது, மறுபக்கம் விலகிப் போகிறது. அந்த நட்சத்திரத்தைச் சுற்றுகிற கிரகம் குறுக்கே போகும்போது முதலில் ஒரு பக்கத்தை மறைக்கும், பிறகு மற்றதை. அந்த மாற்றம் வெளிச்சத்தில் தெரியும். கிரகம் சரிபாதி வழியில் இருக்கும்போது மாற்றம் வந்தால் இரண்டும் ஒரே சீராகச் சுற்றுகின்றன என்று அர்த்தம். முந்தியோ பிந்தியோ வந்தால் சாய்வு. வெளிச்சத்தில் மாற்றம் வந்த நேரத்தைப் பார்த்தது தூர தேசத்துப் பெரிய தொலைநோக்கி. சரிபாதி நேரத்தைப் பிடித்தது, பல்கலைக்கழகம் கொடுத்து எங்கள் லயத்து வீட்டு வாசலில் வைத்திருந்த சின்னது. இரண்டு நேரமும் ஒத்துப்போகவில்லை. ஆகவே கோணல், அதுவும் பெரிய கோணல்!

வியாழக்கிழமை பின்னேரம் அவளுடைய பேராசிரியை ஷாமிளா இணையத்தில் கூட்டம் வைத்திருந்தார். அங்கே சரியென்றால் கட்டுரை போகும், சுஜீதாவின் பெயர் முதலில் வரும், வெளிநாட்டில் மேல்படிப்புக்கு இடமும் கிடைக்கும். எங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது மாரியம்மன் கோயில் படியில் மட்டும்தான். நான் குடையோடு அவசரப்படுத்தினேன்.

"ரெண்டே கால் ஆச்சு, வாம்மா!"

"ஒன்னே முக்கால்தாம்பா. நம்ம வீட்டு மணிக்கூடு அரை மணி முன்னுக்குத்தானே."

உண்மைதான். விடியற்காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆட்கள் பிந்தக் கூடாதென்று எங்கள் தோட்டத்தில் எந்தக் காலத்திலோ அரை மணி கூட்டி வைத்தார்கள். ஃபெக்டரி மணிக்கூடும் அதன்படி, என் வீட்டு மணிக்கூடும் அதன்படி. பஸ்ஸுக்குப் போகும்போது மட்டும் அரை மணியைக் கழித்துக்கொள்வோம்.

ஏற்றத்தில் நடக்கும்போது சும்மா கேட்டேன். "அந்த ரெண்டு நேரத்துக்கும் எவ்வளவும்மா வித்தியாசம்?"

"இருபத்தொம்பது நிமிஷம்பா. ஒன்னு ரெண்டு அங்க இங்க இருக்கும்."

கிட்டத்தட்ட அரை மணி! எனக்கு அந்த ராத்திரி ஞாபகம் வந்தது. கிரகம் குறுக்கே போன அன்று அவளுடைய பழைய லெப்டொப் சார்ஜ் இறங்கி நின்று, திரும்பப் போட்டபோது நேரம் கேட்டது. அவள் வெளியே தொலைநோக்கியைப் பிடித்துக்கொண்டு, "போன்ல பாத்து நேரத்தப் போட்டு விடுங்கப்பா" என்று கத்தினாள். இருபத்தாறு வருஷம் பார்த்துச் சங்கு ஊதிய மணிக்கூடு சுவரில் இருக்கும்போது போன் எதற்கு? சுவரைப் பார்த்தே போட்டேன். பிறகு இணையம் கிடைத்ததும் லெப்டொப் தானாகச் சரியாகிவிட்டது. அன்று குறித்த நேரங்கள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. கோயில் வளைவு வரைக்கும் வாயைத் திறக்காமல்தான் நடந்தேன், பொய் சொல்ல மாட்டேன். அவள் முன்னால் உற்சாகமாகப் போய்க்கொண்டிருந்தாள். அந்த நடையைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது? ஆனால் நாளைக்கு வேறு யாராவது கண்டுபிடித்தால் அவமானம் எனக்கில்லை, என் பிள்ளைக்கு.

படியில் உட்கார்ந்தவளிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் செத்தே போனேன்.

"போன்லதானே பாக்கச் சொன்னேன்? ஏம்பா இப்படி?" அவளுக்குக் கண் கலங்கியது. மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "மணிக்கூடு சரியா அரை மணிதானா? கூடக் குறைய இருக்குமா?"

"தெனமும் ரேடியோ நியூஸுக்கு வச்சுப் பாக்குறவன் நான். சரியா அரை மணி. அதுல மட்டும் பிசகே வராதும்மா."

கூட்டம் தொடங்கியதும் முதல் வேலையாக அதைத்தான் சொன்னாள், தடுமாறாமல். பிறகு ஷாமிளா, "முப்பது நிமிஷத்தக் கழிச்சுப் போடுங்க, பாப்போம்" என்றார். சுஜீதா தட்டினாள். திரையில் ஏறி இறங்கிய கோடு கிட்டத்தட்ட நட்டநடுவில் வந்து நின்றது. நட்சத்திரம் நேராகிவிட்டது.

"நேரா இருக்குறதும் முடிவுதான், சுஜீதா. அடுத்த மாசம் இன்னொரு தடவ குறுக்க போகுது. அதையும் நீங்களே பிடிங்க, ரெண்டையும் சேத்து அனுப்புவோம். உங்க பேர்தான் முதல்ல. மேல்படிப்புக்கு நான் இன்டைக்கே எழுதுறேன். தன்ட பிழைய தானே சொல்ற ஆளத்தான் அவங்களும் தேடுறாங்க." பிறகு ஷாமிளா கேட்டார். "நேரம் போட்ட வாப்பா பக்கத்துல இருக்காரா?"

நான் குடைக்குப் பின்னால் ஒளிந்தேன். சுஜீதா என் கையைப் பிடித்து இழுத்துத் திரையின் முன்னால் உட்கார வைத்தாள்.

"பிழையச் சொன்னதும் அவருதான், மெடம்" என்றாள்.

சாயந்தரம் நானா கடைக்குப் போனேன். பத்துப் பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன்: "நட்சத்திரம் நேராத்தான் இருக்கு நானா. கோணல் நம்ம மணிக்கூடு."

சிரிப்பு அடங்கியதும் பிளேன்டிக்குக் காசை எடுத்து வைத்தேன். நானா அதைத் திருப்பித் தள்ளினார்.

"புள்ளக்கி எடம் கெடச்சிச்சா, அதச் சொல்லுங்க."

"கெடைக்கும் நானா" என்றேன். காசை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.