பீரான்குட்டி வாசலில் நின்ற வண்டி

எங்கள் வண்டியின் இரு பக்கமும் 'வலி நிவாரண சிகிச்சை' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். மலப்புறத்தில் அது யார் வாசலில் நின்றாலும் மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் முனீர் முதல் நாளே டிரைவரான என்னை வழியில் மறித்தான்.

"வண்டி எங்க வாசல்ல நிக்கக் கூடாது சேட்டா. வாப்பாகிட்டயும் ஊர்லயும் அல்சர்னுதான் சொல்லி வெச்சிருக்கோம். விஷயம் வெளிய போச்சுன்னா, அப்புறம் நீங்க வரவே வேண்டாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நர்ஸ் ஜசீலா என் முழங்கையைக் கிள்ளினாள். அவன் வாப்பா ஆலிக்குட்டிக்கு வயிற்றில் புற்றுநோய் முற்றியிருந்தது. ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்தில் காலமெல்லாம் நடுவராக விசில் ஊதிய மனிதர், வலியில் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ஜசீலா கொடுத்த மார்ஃபின் மாத்திரையில்தான் தூங்கவே ஆரம்பித்தார். எங்களை நிறுத்திவிட்டால் மறுபடியும் தலையணைதான். நான் வாயை மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டு பீரான்குட்டியின் பலாமர நிழலில் வண்டியை நிறுத்தலானேன்.

ஊர் தன் வேலையைச் செய்தது. பீரான்குட்டி வீட்டுக்கு ஆரஞ்சும் குளுக்கோஸும் வந்து குவிந்தன. பள்ளிவாசலில் அவருக்காக துஆ செய்தார்கள். மனிதர் உலக்கை மாதிரி திடமாக இருந்தார்.

அடுத்த முறை நாங்கள் போனபோது அவர் ஒரு கூடை ஆரஞ்சோடு எங்கள் பின்னாலேயே ஆலிக்குட்டியின் அறைக்குள் நுழைந்தார்.

"நான் பிரியாணி சாப்புடுறதப் பாத்து ஒருத்தன் அழுவுறான். 'நல்லா சாப்புடுங்க, இனி என்ன இருக்கு'ங்கறான். வண்டி யாருக்கு வருதுன்னு எனக்கு இப்பத் தெரியணும்."

முனீர் முகம் செத்துவிட்டது. "போதும், இனிமே நீங்க வராதீங்க" என்றான் ஜசீலாவிடம். அவள் கையில் அந்த வாரத்து மாத்திரை இருந்தது.

அப்போது விசில் கேட்டது. ஆலிக்குட்டி தலையணைக்கடியிலிருந்து எடுத்து ஊதியிருந்தார், பலமில்லாமல், ஆனால் ஃபவுலுக்கு ஊதுகிற அதே தினுசில்.

"முனீரே, தள்ளி நில்லு. அல்சருக்கு யாருடா வாராவாரம் நர்ஸ அனுப்புறான்? நீ அழுவியேன்னுதான் நானும் அல்சருன்னே சொல்லிட்டுக் கெடந்தேன்."

முனீர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"சன்னல் வழியா தினம் கேக்குறேன். என்கூட ஆடுனவன், என்கிட்ட சிவப்பு அட்டை வாங்குனவன், எல்லாக் குரலும் இவன் வீட்டுக்குப் போவுது. ஒருத்தன் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. வயித்து வலிய மாத்திரை பாத்துக்குது. இதத்தான் என்னால தாங்க முடியல."

பீரான்குட்டி கூடையைக் கட்டிலில் வைத்தார். ஓர் ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

"டிரைவரே, அடுத்த வாரம் வண்டி என் வாசல்ல நிக்கணும்" என்றார் ஆலிக்குட்டி.

அடுத்த வாரம் ஹார்ன் அடித்துக்கொண்டே போனேன். ஆலிக்குட்டி வாசலில் இடமில்லை. வேலி வரை செருப்பும் ஸ்கூட்டருமாக இருந்தது. உள்ளே ஏதோ பழைய பெனால்டிக்குச் சண்டை நடந்துகொண்டிருந்தது. பீரான்குட்டியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. நான் வண்டியை மறுபடியும் அவர் வீட்டுப் பலாமரத்தடியிலேயே நிறுத்தினேன்.