ஆரியசாலைக்கு ஒரு இன்டர்செப்டர்

பன்னிரண்டு சோதனைகளும் பச்சை காட்டியதில் பத்மஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆரியசாலைச் சந்தையின் மொத்த வியாபாரக் கடைகளுக்காக அவள் தனியாளாக எழுதிய முதல் சர்வர் அது. ஹோட்டல்காரர்கள் அனுப்பும் ஆர்டர் அந்தக் கணமே கடைக்காரரின் போனுக்குப் போய்விடும். ஒரு கடையின் ஆர்டரை இன்னொரு கடை பார்க்கக் கூடாது. அதற்குத்தான் இன்டர்செப்டர்: வருகிற ஒவ்வொரு செய்தியையும் மறித்து, நீ யார், உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கும் காவல்காரன். எதிரெதிரே இருந்த இரண்டு கடைகளில் வெள்ளோட்டம் நடந்துகொண்டிருந்தது. மதியம் இரண்டு மணிக்கு நாற்பது கடைகளும் சேர வேண்டும்.

பதினோரு மணிக்கு, அந்த இரண்டில் ஒரு கடைக்காரரான ஆறுமுகசாமி அண்ணாச்சி கூப்பிட்டார்.

“அம்மா, சங்கதி கொள்ளாம், நல்லாருக்கு கேட்டியா! பாஸ்வேர்டுகூட கேக்கல. தொட்டதும் தொறந்துட்டு.”

பத்மஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

“கேக்கவே இல்லையா, அண்ணாச்சி?”

“இல்லியே. எதிர்க்கடை ரத்னாபாய் எந்த ஹோட்டலுக்கு மிளகு அனுப்புதாள்னுகூட தெரியுது.” பிறகுதான் அவருக்கு உறைத்தது. “அப்போ நம்மளோடத அவளும் பாப்பாளோ?”

“ரெண்டு மணிக்குள்ள சரி பண்ணிடறேன், அண்ணாச்சி.”

சர்வரை நிறுத்தினாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. விதிகளெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. இன்டர்செப்டரைச் சர்வரோடு சேர்க்கும் வரி மட்டும் இல்லை. காவல்காரனை வேலைக்கு வைத்து, யாரை விடலாம் யாரை விடக் கூடாது என்று பாடமும் சொல்லிக்கொடுத்துவிட்டு, வாசலில் நிறுத்த மறந்திருக்கிறாள். சோதனைகளோ, சரியான ஆள் உள்ளே வர முடிகிறதா என்று மட்டுமே கேட்டன. அவற்றை எழுதியவளும் அவள்தான். வேலிக்கு ஓணான் சாட்சி.

புதிதாக இரண்டு சோதனை எழுதினாள். பாஸ்வேர்டு இல்லாமல் ஒருவன் வருகிறான். இன்னொருவன் அடுத்த கடை ஆர்டரைக் கேட்கிறான். இரண்டும் சிவப்பு. விட்டுப்போன வரியைச் சேர்த்தாள். பச்சை.

ஒன்றரைக்குச் சர்வரை ஓடவிட்டு, டிபன் பாக்ஸைத் திறக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்தது.

“என்னம்மா இது? பாஸ்வேர்டு கேட்டுது, போட்டேன். என் ஆர்டர் வருது. ரத்னாபாயோடத தொட்டா அனுமதி இல்லங்குதே!”

“மறுபடியும் பாத்தேளா, அண்ணாச்சி?”

“சும்மா ஒரு தடவ நோக்கினேன்,” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

எந்தப் பாராட்டும் அவளுக்கு இவ்வளவு இனித்ததில்லை. தயிர்சாதத்தை ஆற அமரச் சாப்பிட்டாள். இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் ரத்னாபாயும் கூப்பிட்டாள், அதே புகாரோடு.