போக வர எண்ணெய்

2022 ஆகஸ்ட் 6, சனிக்கிழமை. இலங்கை முழுக்க எண்ணெய்த் தட்டுப்பாடு. தெஹியோவிட்டவில் ஓர் ஆட்டோவுக்கு வாரத்துக்கு ஐந்து லீட்டர் பெற்றோல்தான் கொடுத்தார்கள்.

கட்டுநாயக்க விமான நிலையம் எழுபத்தைந்து கிலோமீற்றர். ஐந்து லீட்டரில் போய்விடலாம். திரும்பும்போது அவிசாவளைக்கு முன்பே வண்டி நின்றுவிடும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் சுதாகரன் அதை முன்கூட்டியே யோசித்து, அண்ணனின் மோட்டார் சைக்கிளிலிருந்து இரண்டு லீட்டரை உறிஞ்சி ஒரு கேனில் எடுத்துக்கொண்டான். ஆட்டோ அவன் சிநேகிதன் ஹஸீபுடையது; ஓட்டுவதும் ஹஸீப்தான்.

குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மனைவி பிரேமலதா மூன்று வருடத்துக்குப் பிறகு பத்து நாள் லீவில் வருகிறாள். பஸ்ஸில் அவளே வந்துவிடுவாள்தான். ஆனால் அவள் போனபோது மகள் ஷாமிளாவுக்கு இரண்டு வயது. தாயிடம் பழகுவதற்குள்ளேயே பத்து நாளும் முடிந்துவிடுமோ என்று சுதாகரன் பயந்தான். அதனால் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு விடிந்ததும் புறப்பட்டான்.

பிரேமலதா ஒரு கைப்பையோடு வெளியே வந்தாள். ஷாமிளா அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அந்தா அம்மா. போ."

"இல்ல. எங்கம்மா போன்லதான் இருக்காங்க."

பிரேமலதா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"பெட்டி எங்க?" என்றான் சுதாகரன்.

"ஏத்தலீங்க. இங்க பிளேனுக்கு எண்ணெய் இல்லையாம். திரும்பிப் போறதுக்கும் சேத்து அங்கேயே நெரப்பிக்கிட்டாங்க. பாரம் கூடிருச்சுன்னு நெறையப் பேரு பெட்டிய எறக்கிட்டாங்க."

"அப்ப அவனும் நம்ம மாதிரி கேன் தூக்கிட்டுத்தான் வந்திருக்கான்" என்றான் ஹஸீப்.

"அந்த எண்ணெயச் சொமக்கிறதுக்கே தனியா எண்ணெய் எரியுமாம். பக்கத்து சீட்டுக்காரரு சொன்னாரு."

சுதாகரனுக்கு அது உடனே விளங்கியது. நிறைந்த வாளியோடு மேடு ஏறுகிறவன் அவன்.

வழியெல்லாம் ஷாமிளா அப்பாவின் மடியில், முகத்தை வெளிப்பக்கம் திருப்பியபடி இருந்தாள். பிரேமலதா நீட்டிய சொக்லேட்டை அப்பாவின் கையால் வாங்கித் தின்றாள்.

ஹங்வெல்லையைத் தாண்டியதும் கேனை ஊற்றினார்கள். அரைக் கிலோமீற்றர் ஓடி, இருமி, வண்டி நின்றது. ஹஸீப் கார்புரேற்றரைக் கழற்றி உள்ளே விரலை விட்டான். வெளியே எடுத்த விரலில் பசை நூலாக இழுபட்டது.

"மச்சான், இது என்ன கேன்?"

"பால் கொண்டுபோற கேன். நல்லாக் கழுவித்தானே எடுத்தேன்."

"உள்ள காஞ்சு ஒட்டின பால் கழுவினாப் போகுமா? ரப்பர் வெட்டுறவனுக்கு ரப்பர் பெற்றோல்ல கரையும்னு தெரியாது! டியூபுக்குப் பூசுற பசையே இதுதானே!"

"அவசரத்துல யோசிக்கல மச்சான்."

"மூணு வருஷமா போன்ல எனக்குப் புத்தி சொன்னது இவருதான்" என்று சொல்லி பிரேமலதா சிரித்தாள்.

கராஜ் ஒரு கிலோமீற்றர் தள்ளி இருந்தது. ஹஸீப் ஹாண்டிலைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்தான். சுதாகரன் பின்னாலிருந்து தள்ளினான்.

"நானும் எறங்கித் தள்ளுறேன். பாரமாவது கொறையும்" என்றாள் பிரேமலதா.

"இருங்க தங்கச்சி. பிள்ள தனியா உள்ள இருக்கும்" என்றான் ஹஸீப்.

அப்பாவைக் காணாமல் ஷாமிளா மிரண்டாள். சற்று நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்.

"அப்பா வர்றாரா?"

"வர்றாரு. பின்னால நம்மளத் தள்ளிக்கிட்டு வர்றாரு. பாக்குறியா?"

பின்பக்க பிளாஸ்டிக் கண்ணாடி உயரத்தில் இருந்தது. பிள்ளை சீட்டில் ஏறி நின்றது. வண்டி குலுங்கியதும் பிரேமலதாவின் தோளைப் பிடித்துக்கொண்டது. பிரேமலதா அதன் இடுப்பை இரண்டு கையாலும் வளைத்துக்கொண்டாள். தலை குனிந்து தள்ளிக்கொண்டிருந்த சுதாகரன் நிமிர்ந்தபோது, மங்கிய பிளாஸ்டிக்குக்கு அப்பால் இரண்டு முகங்கள் ஒட்டியிருந்தன.

"அப்பா, இன்னும் வேகமா!" என்றது சின்ன முகம்.

மேடு வந்தது. அவன் தோளைக் கொடுத்துத் தள்ளினான்.

கராஜில் கார்புரேற்றரைச் சுத்தம் செய்தார்கள். ஊற்றுவதற்குப் பெற்றோல் இல்லை. ஹஸீப் வண்டியோடு அங்கேயே தங்கினான். மற்ற மூவரும் அவிசாவளைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் நாலரை மணிக்குத் தெஹியோவிட்டவில் இறங்கினார்கள். அந்த பஸ்ஸில் ஓர் இடம்தான் கிடைத்தது. பிரேமலதா உட்கார்ந்தாள். ஷாமிளா அவள் மடியில் தூங்கிவிட்டாள்.