காளியாயியின் பின்படி

ஐம்பத்தைந்தாம் வருஷத்து ஐப்பசி மழையில், இலங்கை மலைநாட்டில் டயகமப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏழ்மையின் சரித்திரம் வந்து சேர்ந்தது. கொழும்பிலிருந்து முத்துலிங்கம் என்ற கண்ணாடிக்காரர் அதை ஆராய வந்திருந்தார். இந்த நாட்டில் ஏழைகளுக்கு யார், எப்போது, என்ன உதவி செய்தார்கள் என்று புத்தகம் எழுதுகிறாராம். அவர் கூடவே போகும்படியும், வாயைத் திறக்கக் கூடாது என்றும் தொரை எனக்கு உத்தரவு போட்டார். கணக்கப்பிள்ளை உத்தியோகத்தில் நான் அட்சரம் பிசகாமல் நிறைவேற்றிய ஒரே உத்தரவு அது.

முதலில் போனது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றான காளியாயி வீட்டுக்கு. அந்த லயத்துக்குப் பின்னால், மலை ஊற்று விழும் பீலியில் தண்ணீர் பிடிக்க இறங்கும் கல்படி உடைந்து கிடந்தது. வழுக்கல் என்றால் அப்படியொரு வழுக்கல். காலையில் அங்கே சறுக்கிய அட்டைப்பூச்சி ஒன்று மத்தியானம் நானுஓயா ஸ்டேஷனில் எழுந்து நின்றதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். காளியாயியின் மருமகள் ராசம்மாவுக்கோ நிறைமாதம். அவள் தண்ணீருக்கு இறங்கிவிடக் கூடாதே என்று காளியாயி குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள்.

கதியற்றவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் உதவிப் பணத்துக்குச் சிங்களத்தில் ‘பின் படி’ என்று பெயர். புண்ணியச் சம்பளம் என்று அர்த்தம். கொழும்பு ஐயா அதைத்தான் கேட்டார். காளியாயியின் காதில் அது சுத்தத் தமிழாக விழுந்தது.

“அம்மா, இந்தத் தோட்டத்தில பின்படி இருக்குதா?”

“இருந்துச்சுங்க ஐயா. இப்ப இல்லீங்க.”

ஐயா துள்ளிவிட்டார். “இருந்ததா! யார் தந்தது?”

“பழைய தொரை போட்டுக் குடுத்தாருங்க. நல்லாத்தான் தாங்குச்சு.”

“யார் யாருக்குப் பிரயோசனப்பட்டது?”

“லயமே அதை நம்பித்தான இருந்துச்சு! நம்ம பசுமாடு வரைக்கும்.”

“மாட்டுக்கும் பின்படியா?”

“பின்ன? மாடு தண்ணி குடிக்க வேணாமுங்களா?”

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் உத்தரவுப்படி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அப்புறம் ஏன் நிப்பாட்டினாங்க?”

“யாருங்க நிப்பாட்டுனது? அதுவா ஒடஞ்சுபோச்சு. நீங்களே வந்து பாருங்க. ஐயா, பாத்து... பாத்து...”

ஐயா பார்த்தார். முதல் கல்லிலிருந்து பீலி வரைக்கும் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டு போனார். குடை அவருக்கு முன்னாலேயே போய்க் காத்திருந்தது.

மேலே நின்று காளியாயி, “இப்ப வெளங்குச்சுங்களா?” என்றாள்.

சேற்றில் உட்கார்ந்திருந்தவருக்கு இரண்டு பாஷையிலும் விளங்கிவிட்டது. சிரிக்க ஆரம்பித்தவர், பங்களா வாசல் வரைக்கும் நிறுத்தவில்லை. அங்கே சேறு சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, இந்தத் தோட்டத்துப் பின்படிக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கப்போவதாகத் தொரையிடம் சொன்னார். அவ்வளவுதான். மறுநாள் சிமெந்து வந்தது, கொத்தனார் வந்தார், கைபிடிக் கம்பிகூட வந்தது. காளியாயி மூன்று வருஷமாகக் கேட்டும் அசையாத மலை, ஒரு கொழும்புக் காற்சட்டை நனைந்ததும் அசைந்தது.

அரசாங்கத்தின் பின்படி எங்கள் லயத்துப் பக்கம் எட்டிப்பார்த்ததே இல்லை. இந்தப் பின்படி மட்டும் இன்றைக்கும் இருக்கிறது. ராசம்மா அதில் பத்திரமாக இறங்கி ஏறி, பெண்பிள்ளை பெற்றாள். புண்ணியவதி என்று பெயர் வைத்தார்கள். பிறந்த அன்றே அந்தப் பிள்ளை கைபிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கியதாகக் காளியாயி சொல்கிறாள். நான் இரண்டாம் நாள்தான் பார்த்தேன்.