பதினோராவது தூக்குவாளி

என் மனைவி பாண்டிச்செல்விக்குப் புத்தி இருக்கிறது. அவசரத்தில் மட்டும் அது வேலை செய்வதில்லை. இதை அவளிடமே சொல்லியிருக்கிறேன். அடி விழாமல் தப்பியது என் அதிர்ஷ்டம்.

கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கும் எங்கள் இட்லிக்கடையைச் சாப்பாட்டு ஆப்பில் சேர்த்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஃபோன் விடாமல் கத்தியது. பதினோரு ஆர்டர். இட்லியை வாழையிலையில் கட்டிவிடலாம். சாம்பார் ஊற்றுகிற பிளாஸ்டிக் டப்பாதான் இல்லை. வாங்கி வைக்க மறந்தது நான். டப்பாக் கடைக்கோ ஞாயிறு விடுமுறை.

"கேன்சல் பண்ணிடுவோம்," என்றேன்.

"மொத வாரமே கேன்சலா? நல்லாருக்கு உங்க யாவாரம்!" என்றவள் வீட்டுக்கு ஓடினாள். கல்யாணச் சீராக வந்த பதினோரு எவர்சில்வர் தூக்குவாளிகளையும் அள்ளிக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றிலும் அவள் பெயரும் சின்னமனூர் என்று ஊரும் வெட்டியிருக்கும். சாம்பாரை ஊற்றி மூடி, டெலிவரிக்காரர்கள் கையில் கொடுத்தனுப்பிவிட்டாள்.

மத்தியானம்தான் கேட்டாள்: "வாளியெல்லாம் எப்பங்க திரும்பி வரும்?"

எனக்கு வந்ததே கோபம். பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்புகிற நினைப்பில் இருந்திருக்கிறாள்! பாத்திரம் திரும்பி வர ஆப்பில் பட்டன் கிடையாது. வாங்கினவர்களின் நம்பரும் தெரியாது. கத்தித் தீர்த்தேன். அவள் அழுதாள். அவள் அம்மா தீபாவளிக்கு ஒன்றாக வாங்கிச் சேர்த்த வாளிகள் அவை. டப்பா வாங்க மறந்தவன் நான் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆனால் ஆப்பில் கடை விலாசம் இருக்கிறதே. மறுநாள் காலை மீன் விற்கிற ஒரு சேட்டன் வாளியோடு வந்து நின்றார். உள்ளே வேகவைத்த கப்பைக்கிழங்கு. அடுத்து ஓர் அம்மா, வாளி நிறைய அச்சுமுறுக்கு மாதிரியான அச்சப்பத்தோடு. புதன்கிழமைக்குள் பத்து வாளிகள் வந்துவிட்டன. ஒன்றுகூட வெறுமனே வரவில்லை. மூன்று நாள் எங்கள் வீட்டில் அடுப்பே எரியவில்லை.

பதினோராவது மட்டும் வரவில்லை. ஊரின் அந்தக் கோடியில், தேவராவில் இருக்கும் கமலாக்ஷி என்பவருக்குப் போனது அது. பாண்டிச்செல்வி பத்தையும் கழுவி அலமாரியில் அடுக்கிவிட்டு, மிச்சமிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பத்து வந்துச்சே, விடு," என்றால் முறைப்பாள்.

வெள்ளிக்கிழமை தேவராவிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. கமலாக்ஷி என்ற அதே பெயர். கீழே மலையாளத்தில் நீளமாக ஒரு குறிப்பு. எங்களுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. பக்கத்துச் சாயாக்கடை சகீலாவிடம் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

படித்துவிட்டுச் சகீலா சிரித்தாள். "வாளி அவங்க கையில பத்திரமா உண்டு அக்கா. வெறும் பாத்திரம் எங்ஙன கொடுத்து விடறதுன்னு நாணமாம். வீட்டுச் சக்கை பழுக்கட்டும், வெல்லம் போட்டுக் கிண்டி நெறைச்சுத் தராங்களாம். க்ஷமிக்கணுமாம்."

"பலா பழுக்க எத்தனை நாளாகும்?" என்று கேட்டேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

பாண்டிச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஆறு நாளாகக் காணாத சிரிப்பு; எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைக்குத் திரும்பியதும் புதிதாக வாங்கிய டப்பாக் கட்டை நானே பிரித்து வைத்தேன்.

அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவள் வீட்டிலிருந்து இன்னொரு தூக்குவாளியை எடுத்துவந்து கமலாக்ஷிக்குச் சாம்பாரை ஊற்றினாள்.

"ஏய், மறுபடியுமா?"

"ஒரு முழுப் பலாவைக் கிண்டினா ஒரு வாளியில அடங்குமா? மிச்சத்துக்குப் பாத்திரம் இல்லாம பாவம், அவங்க என்ன செய்வாங்க?"