நாக்காத்தா

கெங்கம்மாவைக் குளிப்பாட்டப் பெண்கள் கூடத்தின் குறுக்கே புடவை கட்டி மறைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, சுப்பராயன் சமையல்கட்டுக்குள் நுழைந்து நாக்காத்தாவை அரிசி ட்ரம்முக்குள் புதைத்தார். முழங்கை வரை கையை விட்டு, அரிசியை மேலே தள்ளி, மூடியைப் போட்டு அழுத்தினார். அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவர் அரிசி ட்ரம்மைத் திறந்தது அதுதான் முதல் தடவை. யாராவது பார்த்திருந்தால், பெண்டாட்டி செத்த துக்கத்திலும் மனுஷனுக்குப் பசி எடுக்கிறதே என்று நினைத்திருப்பார்கள். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

அந்தக் கல்லைத் தன்னோடு குழியில் வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள் கெங்கம்மா. வைக்கிறேன் என்று சொன்னவர் அவர்தான். வைக்கப் போவதில்லை என்று காலையில் முடிவு செய்துவிட்டார்.

நாக்காத்தா ஒரு கல்தான். விரித்த கை அளவுக்குத் தட்டையாக, சாம்பலும் கறுப்புமாக இருக்கும். அதன் மேல் ஒரு இலையின் அச்சு. நீளமாக வந்து நுனியில் உருண்டு முடிகிற இலை. நடுவில் ஒரு நரம்பு, இரண்டு பக்கமும் வலை பின்னியது போலச் சின்னச் சின்ன நரம்புகள்.

அது கிடைத்தபோது சுப்பராயன் அனல் மின்நிலையத்தில் கான்ட்ராக்ட்டில் இருந்தார். கொருக்குப்பேட்டையில் ரயிலேறி அத்திப்பட்டில் இறங்க வேண்டும். ஒடிசாப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த நிலக்கரி பெல்ட்டில் ஓடும். அதோடு சேர்ந்து வருகிற கல்லைப் பொறுக்கி வெளியே போடுவதுதான் வேலை. அப்படிப் பொறுக்கியதில் ஒன்று தட்டையாக, நல்ல கனமாக இருந்தது. வீட்டில் தண்ணீர் ட்ரம்மின் மூடி காற்றுக்குப் பறந்துகொண்டே இருக்கிறதே என்று பையில் போட்டுக்கொண்டு வந்தார். கல் வீட்டுக்கு வந்த காரியம் அவ்வளவுதான்.

கெங்கம்மா அதைக் குழாயடியில் வைத்துக் கரி போகத் தேய்த்தாள். தேய்த்தவள் அப்படியே ஒரு கூச்சல் போட்டாள்.

"யோவ், இன்னாய்யா எத்துகினு வந்துகீற? ஆத்தா நாக்க நீட்டிகினு கீறா!"

"அடியே, அது எலடி. கரில எல அச்சு வராம வேற இன்னா வரும்?"

"எல இப்டியா செவசெவன்னு நீட்டிகினு கீது?"

"செவப்பு எங்கடி கீது? கறுப்பு."

"நான் குங்குமம் வெச்சா செவந்துடும்."

வைத்தாள். சிவந்துவிட்டது. சுப்பராயனின் அப்பா காலத்திலேயே சாமி படங்களை எல்லாம் இறக்கிவிட்ட குடும்பம் அது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அவர்கள் வீட்டுச் சுவரில் புத்தர் படம் ஒன்றுதான் உண்டு. அதற்குக்கூட ஊதுவத்தி கிடையாது. அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு சாமியைத் தானே டிபன் பையில் வைத்து ரயிலேற்றி அழைத்து வந்துவிட்டோமே என்று அவர் நொந்துகொண்டார். வெள்ளிக்கிழமை தோறும் அடுப்புக்குப் பக்கத்து மூலையில் நாக்காத்தாவுக்குக் குளியல், மஞ்சள், குங்குமம். வெள்ளிக்கிழமை தோறும் இவர் முணுமுணுப்பார், அவள் பதில் கொடுப்பாள். அந்தச் சண்டை இல்லாமல் அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை விடிந்ததில்லை.

மகள் மாயா வளர்ந்து கல்லூரியில் தாவரவியல் படிக்கப் போனபோது சண்டை தீரும் என்று அவர் நம்பினார். படித்த பிள்ளை எடுத்துச் சொன்னால் கேட்பாள் அல்லவா? ஒருநாள் மாயா மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தாள். வகுப்பில் ஒரு படம் காட்டினார்களாம். அச்சு அசலாக அதே இலையாம். முப்பது கோடி வருஷத்துக்குப் பக்கமாகுமாம்.

"கேட்டுக்கடி," என்றார் சுப்பராயன். "எல."

"இரு நைனா. அதுக்கு வெள்ளக்காரன் இன்னா பேரு வெச்சுகீறான் தெரிமா? நாக்கு எலன்னு வெச்சுகீறான். நாக்கு மாதிரி கீதுன்னு."

கெங்கம்மா அடுப்பை அணைத்தாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து உதறினாள். பிளாக் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். வெள்ளைக்காரனுக்கே தெரிந்த விஷயம் இந்த மனுஷனுக்குத் தெரியவில்லையே என்பதுதான் அவள் சொன்னதன் சாரம்.

அன்றைக்குச் சாயங்காலம் மூன்று பேரும் கீழே உட்கார்ந்து காரப்பொடி மீன் குழம்பு சாப்பிட்டார்கள். மாயாவுக்கு வாய் ஓயவில்லை.

"மொதல்ல நெலத்துல ஒன்னுமே கெடயாதும்மா. வெறும் பாற. மண்ணுகூட கெடயாது. உசுரெல்லாம் தண்ணில கெடந்துச்சு. அப்பறம் பாசி மாதிரி எதோ மெதுமெதுவா கரைக்கு வந்துச்சு. அதுங்க பாறைய அரிச்சு, செத்து மக்கி, அப்டிதான் மண்ணே வந்துச்சு. பூச்சி, பல்லி, நாம எல்லாமே அதுங்க போட்ட பாதைல பின்னாடி வந்தவங்கதான்."

"அப்ப காத்து?"

"நாம இஸ்துகினு கீறமே, அந்த மூச்சும் செடி கொடி வுட்டதுதான். மரம் செத்து மக்கிச்சுன்னா, வுட்ட காத்த திரும்ப வாங்கிக்கும். ஆனா நெறய மரம் மக்காமயே மண்ணுக்கடில போயிடுச்சு. அதுதான் கரியாச்சு. அது திருப்பி வாங்காம வுட்டதாலதான் நமக்கு இவ்ளோ மூச்சு மிச்சமாச்சு."

கெங்கம்மா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. நாக்காத்தா இருந்த மூலையைப் பார்த்தாள்.

"அப்ப, நமக்குக் குடுத்துட்டு அவ அடில போய் படுத்துகினா," என்றாள். "இதத்தானடி நான் ஆத்தான்றேன்." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "நீ இன்னாடான்னா தெனம் போய் அவள அடுப்புல தள்ளிட்டு வர்ற."

மாயா சிரித்துப் புரையேறிப்போனாள். சுப்பராயனும் சிரித்தார். ஆனால் மறுநாளிலிருந்து பெல்ட்டில் கரி ஓடும்போதெல்லாம் ஒரு காடு படுத்த வாக்கில் தன்னைக் கடந்து போகிறது என்று அவருக்குத் தோன்றும். அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அவள் அதையும் பிளாக் முழுக்கச் சொல்லிவிடுவாள்.

எவ்வளவு சந்தோஷமான நாட்கள் அவை! இருக்கும்போது யாருக்குத் தெரிகிறது?

இரண்டு வருஷமாக அவளுக்கு இதயம் வீங்கிப்போய் மூச்சு வாங்கியது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஆக்சிஜன் மெஷின் கொரகொரவென்று ஓடிக்கொண்டே இருக்கும். போன மாதம் அவளுடைய தம்பி டில்லிபாபு வந்து உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தபோது, அவள் மூக்குக் குழாயை நகர்த்திவிட்டுச் சொன்னாள்.

"யோவ், நான் பூட்டா நாக்காத்தாவ எங்கூட வெச்சுடு."

"கல்ல வெச்சா உனுக்குக் கனக்காதா?"

"கிண்டல் பண்ணாத. அவளுக்கு அடில படுத்துப் பயக்கம். எனுக்குப் பயக்கம் இல்ல. தொணக்கி கேக்கறேன்."

அவர் கிண்டலை நிறுத்திவிட்டார். "சரி, வெக்கிறேன்," என்றார். டில்லிபாபு தலையைக் குனிந்துகொண்டு சாத்துக்குடியையே உரித்துக்கொண்டிருந்தான்.

இன்றைக்கு விடிகாலையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அவள் நின்றுவிட்டாள். ஊருக்குத் தகவல் சொல்லி, மாயா அழுது ஓய்ந்த பிறகு, சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே என்றுதான் சுப்பராயன் கல்லைச் சுற்றி எடுக்கத் தோள் துண்டை உருவிக்கொண்டு மூலைக்குப் போனார். கல்லைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பியபோதுதான் பார்த்தார். போன வெள்ளிக்கிழமை கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டே போய் அவள் வைத்த மஞ்சள். குழைவாக வைத்திருக்கிறாள். காய்ந்து இறுகியிருந்தது. அதில் அவள் விரல் நுனியின் ரேகை, சுழி சுழியாக, ஒன்று விடாமல் பதிந்திருந்தது.

அவர் துண்டை மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்.

குளிப்பாட்டி, பச்சைப் புடவை கட்டி, பூ வைத்துக் கூடத்தில் கிடத்தினார்கள். கீழே மேளம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சுப்பராயன் அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அப்போது டில்லிபாபு வந்து குனிந்து மெல்லச் சொன்னான்.

"மாமா, உங்க வூட்ல வயக்கம் இல்லன்றது எனுக்குத் தெரியும். ஆனா எங்கக்காவுக்கு வாய்க்கரிசி போடாம அனுப்ப எனுக்கு மனசு வரல."

வேறு நாளாக இருந்தால் சுப்பராயன் அவனை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசியிருப்பார். இன்று தெம்பில்லை. செய்யட்டுமே, அவளுக்கும் பிடிக்கும் என்று தலையாட்டினார்.

"மாயா, கொஞ்சம் அரிசி கொண்டாம்மா," என்றான் டில்லிபாபு.

அவள் தட்டோடு சமையல்கட்டுக்குள் போன பிறகுதான் சுப்பராயனுக்கு உறைத்தது. எழுந்தார். கால் மரத்துப்போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குள், உள்ளே ட்ரம்மின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அரிசி சரிகிற சத்தம்.

மாயா வெளியே வந்தாள். ஒரு கையில் வெறும் தட்டு. இன்னொரு கையில் நாக்காத்தா, மேலெல்லாம் அரிசி ஒட்டிக்கொண்டு.

"ஐயோ ஆத்தா," என்றாள் பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம். "நீ எப்டிடி அரிசிக்குள்ள போன?"

டில்லிபாபு கல்லைப் பார்த்தான், மாமனைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"மாமா, அக்கா கேட்டுச்சு. நான்தான் பக்கத்துல ஒக்காந்துகினு இருந்தேன். நீ வெக்கிறேன்னு சொன்ன. சொல்லிட்டு இன்னாத்துக்கு ஒளிச்சு வெச்ச?"

கூடம் முழுக்க அவரையே பார்த்தது. மகளின் முகத்தைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. அவளுக்கும் அந்தக் கல் மேல் ஆசை உண்டு. இப்போது அதே கல்லூரியில் அவள் பாடம் நடத்துகிறாள். பிள்ளைகளுக்குக் காட்டக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை கேட்டு, அம்மாவிடம் திட்டு வாங்கியவள்.

"சொன்னேன்டா," என்றார் சுப்பராயன். "சொன்னது வாஸ்தவம். ஆனா குடுக்க மாட்டேன். என்னால முடில. அவ வெரலு கீதுடா அதுல."

டில்லிபாபு கிட்டே வந்து குனிந்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தான். நிமிரவே இல்லை. அவன் தோள் குலுங்குவதைப் பார்த்துத் தங்கபுஷ்பம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாயா தரையில் உட்கார்ந்து கல்லை மடியில் வைத்துக்கொண்டாள். மஞ்சளைச் சுற்றி ஒட்டியிருந்த அரிசியை நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டாள். மஞ்சள் மேல் மட்டும் நகம் படவில்லை. எடுத்து முடித்ததும் எழுந்து போய்க் கல்லை அதன் மூலையில் வைத்துவிட்டு வந்தாள்.

"இந்த அரிசி போதும் மாமா," என்று தட்டை டில்லிபாபுவிடம் நீட்டினாள்.

அந்த அரிசியைத்தான் கெங்கம்மாவின் வாயில் போட்டார்கள். கடைசியில் சுப்பராயனும் போட்டார்.

மூலக்கொத்தளம் இடுகாடு வரைக்கும் மேளமும் பூவுமாகப் போயிற்று. வழியெல்லாம் அவருக்கு ஒரே எண்ணம்தான். பழக்கம் இல்லாதவள், துணை கேட்டாள், தனியாக அனுப்புகிறோம். மகள் மன்னித்தாள், மச்சான் மன்னித்தான். அவள் அல்லவா கேட்டவள்?

முந்தின நாள் மழை பெய்திருந்ததால் குழி ஈரமாக இருந்தது. தோண்டிப் போட்ட களிமண் வழவழவென்று மின்னியது. அவளை உள்ளே இறக்கிய பிறகு எல்லோரும் வரிசையாக ஆளுக்கு ஒரு கை மண் போட்டார்கள். சுப்பராயனும் ஒரு கை அள்ளினார். போடவில்லை. கையை மூடி, பலம் கொண்ட மட்டும் இறுக்கினார். பிறகு மெல்லத் திறந்தார். பிடிகொழுக்கட்டை போல, நாலு விரலும் பதிந்து உள்ளங்கையில் கிடந்தது. ஒரு பக்கத்தில் ரேகை ஓடியிருந்தது.

"தம்பி," என்று குழிவெட்டுகிறவனைக் கூப்பிட்டார். "இத அவ தலமாட்டுல வெச்சிரு."

"மண்ணுதான பெர்சு. மேலேர்ந்து போடு."

"போட்டா ஒடஞ்சிரும். வெய்யி."

அவன் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். குழிக்குள் இறங்கி, அவள் காதோரமாக வைத்தான்.

மேலே ஏறி வந்து மண்வெட்டியை எடுத்தவன், கால்மாட்டிலிருந்து மண்ணைத் தள்ளிக்கொண்டே வந்தான். தலைமாட்டுக்கு வந்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டான். குந்தி உட்கார்ந்து, அந்த இடத்தை மட்டும் கையால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிப் போட்டு மூடினான்.